மறுநாள் காலை முழங்காலைக் கேளுங்கள்
வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

எனக்கு வயது 61. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் படி இறங்கும்போதும், உட்கார்ந்து எழும்போதும் வலி குறையவில்லை. காலுக்கு வேலை கொடுத்தால் இன்னும் தேயும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

அந்தப் பயம் தேவையில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போதும், அதன்மேல் எடை விழுந்து விலகும்போதும் மூட்டு நீர் அதற்குள் போய் வருகிறது. அதற்கு உணவு கிடைக்கும் வழி அதுதான். வலிக்குப் பயந்து படுத்தே இருந்தால் தொடை சூம்பிவிடும், மூட்டு இன்னும் தளரும். எக்ஸ்ரேயில் தேய்மானம் நன்றாகத் தெரிந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் நிறையப் பேர். படத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

நடையை விட வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது. படி இறங்கும்போது உடல் எடையைத் தாங்கி மெதுவாக இறக்குவது தொடையின் முன்பக்கத் தசை. சமதரையில் நடக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. அதைத் தனியாகப் பலப்படுத்தத்தான் வேண்டும்.

காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, மற்றதை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். இதுவும் 10 முறை. பலரும் காலை வீசித் தூக்கித் தொப்பென்று போடுகிறார்கள். அப்போது தசைக்கு வேலையே இல்லை. மூச்சையும் அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாகப் போய் வரும்.

இவற்றைவிட முக்கியமானது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கையை ஊன்றாமல் எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். 10 முறை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினால் வலி கூடும்; பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகவே போகட்டும். எழவே முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சில வாரங்களில் அதை எடுத்துவிடலாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டால், மூன்று வரை இருக்கலாம். மறுநாள் காலை முழங்கால் வழக்கம்போல இருந்தால் அளவு சரி. வலி கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். முதல் நாளே ஆர்வத்தில் ஐம்பது செய்து, மறுநாள் நடக்க முடியாமல் போய், "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டுகிறவர்களே அதிகம். பழுது பயிற்சியில் இல்லை, அளவில்தான். ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுமையாகத் தொடருங்கள்.

இரண்டு விஷயங்கள் கூடுதலாக. இதமாக இருக்கிறதென்று இரவெல்லாம் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். நாளடைவில் கால் முழுதாக நீளாமல் போகும். எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலிலிருந்து சுமார் நான்கு கிலோ பளுவை இறக்கும்.

சர்க்கரை நோய் உண்டு, வயது 52. நான்கு மாதமாக இடது தோளைத் தூக்க முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. பலமாக இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

இழுக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வது தோள்பட்டை இறுக்கம் போலத் தெரிகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். மூட்டைச் சுற்றிய உறை வீங்கிச் சுருங்கும் நோய் அது. இரவு வலி ஓங்கியிருக்கும் இந்தக் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் உறை இன்னும் புண்படும்.

இப்போதைக்கு, நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிடுங்கள். உடம்பை முன்னும் பின்னும் அசைத்தால் கை தானாக ஆடும். கையின் பலத்தால் ஆட்டினால் தோள்தசை இறுகிப் பயனில்லாமல் போகும். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. பிறகு மல்லாந்து படுத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 பாகைக்கு மடக்குங்கள். இரு கையிலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இழுவை தெரியும் இடத்தில் 10 விநாடி, ஐந்து முறை. பிளவுஸ் கொக்கி போடுவதுபோல் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகும் பயிற்சி, இரவு வலி அடங்கிய பிறகு. மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

துணிக்கடையில் நின்றபடியே வேலை. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல வலி.
– வாசகர், ஈரோடு

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களை முன்காலை நோக்கிப் பின்னால் இழுத்து 10 விநாடி பிடியுங்கள், பத்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, குதிகாலை மூன்று விநாடியில் உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். 12 முறை, மூன்று சுற்று, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் இரு காலாலும், பழகியபின் ஒற்றைக் காலால். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். கடையில் உட்கார இருக்கை கேட்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தம் அதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது.

எந்த வலிக்குப் பயிற்சி செய்யக் கூடாது?
– வாசகர், சேலம்

மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால். விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால். ஓய்வெடுத்தாலும் குறையாத இரவு வலியோடு உடல் எடையும் இறங்கினால். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்தாலோ, அறியாமல் போனாலோ, இரு தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காத்திருந்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.