விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் பெரிய வீடு எட்டுமா?

கேள்வி: புறநகர்ப் பகுதியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம், வீட்டுக்கடன் இன்னும் மீதமிருக்கிறது. அதே பகுதியில் பெரிய வீட்டுக்கு மாற எண்ணுகிறோம். இங்கே இடைநிலை விற்பனை விலை ஓராண்டில் 12 சதவீதம் உயர்ந்திருப்பதாகத் தரகர் கூறுகிறார். இன்னும் ஓராண்டு பொறுத்திருந்து விற்பது லாபமா?

பதில்: விலை ஏற்றத்துக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் விற்கும் சந்தையிலேயே வாங்கவும் போகிறீர்கள். ஆகவே உங்கள் வீட்டின் விலையைவிட, இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசமே உங்களைப் பாதிக்கும்.

உங்கள் வீட்டின் மதிப்பை 100 என்றும், மீதக் கடனை 60 என்றும், வாங்க நினைக்கும் வீட்டின் விலையை 150 என்றும் வைத்துக்கொள்வோம். இன்று விற்றால் கடன் போக 40 கையில் நிற்கும். செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் புதுக்கடன் 110. இரண்டும் 10 சதவீதம் ஏறினால் கையில் 50 நிற்கும், ஆனால் புதிய வீடு 165 ஆகிவிடுவதால் கடன் 115 ஆகும். மாறாக 10 சதவீதம் இறங்கினால் கடன் 105 போதும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: அப்போது கையிருப்பு 30 ஆகச் சுருங்குவதால், கடன் வீட்டு மதிப்பில் 73 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக உயரும், கடன் கொடுப்பவர் அதற்காக வட்டியைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம்.

அந்த 12 சதவீதத்தையும் சற்றுச் சந்தேகத்தோடே பார்க்க வேண்டும். இடைநிலை விலை என்பது, விற்ற வீடுகளை விலைப்படி அடுக்கினால் நடுவில் நிற்கும் வீட்டின் விலை. சிறிய பகுதியில் ஒரு காலாண்டில் சில பத்து வீடுகளே கைமாறும். சென்ற ஆண்டு சிறிய வீடுகளும் இவ்வாண்டு பெரிய வீடுகளும் அதிகம் விற்றிருந்தால், எந்த வீட்டின் மதிப்பும் மாறாமலேயே அந்த எண் உயர்ந்துவிடும். இக்குறையைத் தவிர்க்கவே, ஒரே வீடு இரண்டாம் முறை விற்கும்போது கிடைத்த விலையை முந்தைய விலையோடு ஒப்பிடும் முறையைப் பெய்லி, மூத், நவ்ர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 1963-இல் முன்வைத்தனர்; கேஸ், ஷில்லர் என்ற பொருளியலாளர்கள் அதைப் பின்னர் விரிவாக்கினர்.

தரகரிடம் வேறு இரண்டு தகவல்களைக் கேளுங்கள். முதலாவது, விற்பனைக்குக் காத்திருக்கும் வீடுகளின் எண்ணிக்கையை மாத விற்பனையால் வகுத்தால் கிடைக்கும் இருப்பு: 60 வீடுகள் காத்திருக்க, மாதம் 15 விற்றால், இருப்பு 4 மாதம். ஏறத்தாழ 6 மாத இருப்பைச் சமநிலை என்பது வழக்கம். அதற்குக் கீழே விற்பவரின் கை ஓங்கும், மேலே வாங்குபவரின் கை ஓங்கும். இரண்டாவது, கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள இடைவெளி. விற்காத வீட்டை விற்பனைப் பட்டியலிலிருந்து விலக்கி மீண்டும் புதிதாகப் பட்டியலிட்டால் நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதும் உண்டு என்பதால், "எத்தனை நாளில் விற்றது" என்ற எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இருப்பு 6 மாதத்தைத் தாண்டியிருந்தால் முதலில் உங்கள் வீட்டை விற்று முடித்துவிட்டே புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். இல்லையேல் இரண்டு கடன்களுக்கும் ஒரே சமயத்தில் தவணை கட்ட நேரிடும்.