பாட்டி, நோ டமில்

வணக்கம் அக்கா,

நாங்க நவி மும்பை ஐரோலில இருக்கோம். பையனுக்கு 7 வயசு. மைல்டு ஆட்டிசம், லெவல் ஒன்னுன்னு சொல்லிருக்காங்க. ஸ்கூல்ல அவன்கூடவே உக்காந்து பாத்துக்க ஷேடோ டீச்சர் வைங்க, சம்பளம் நீங்க குடுங்கன்னாங்க, வச்சோம். இப்ப அப்படியும் க்ளாஸ் டிஸ்டர்ப் ஆகுதாம், டீசி வாங்கிக்கங்கன்னு சொல்லாம சொல்றாங்க. நான் வேலைய விட்டுட்டேன். ரெண்டு வருஷம் வீட்லயே சொல்லிக்குடுத்து, சரியானதும் திரும்ப சேத்துடலாம்னு இருக்கோம். 9 மணில இருந்து 4 வரைக்கும் டைம்டேபிள் போட்டு இதோட அனுப்பிருக்கேன். சட்டப்படி இது சரியா? பத்தாவது எழுத முடியுமா? வீட்ல ஒரே லாங்வேஜ்தான் இருக்கணும்னு தெரபில சொன்னதால எட்டு மாசமா இங்கிலீஷ் மட்டும்தான். மாமியாருக்கு இங்கிலீஷ் வராது, அவங்க அவன்கிட்ட பேசறதையே விட்டுட்டாங்க. இப்ப அவனே "பாட்டி, நோ டமில்"ங்கறான்.

– எஸ்.

அன்புள்ள எஸ்,

சட்டத்த முதல்ல முடிச்சிடறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளைய ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது, ஆனா சேக்கலைன்னா தண்டனைன்னு அதுல எதுவும் இல்ல. வீட்ல வச்சுப் படிக்கற பசங்க 14 வயசானதும் என்.ஐ.ஓ.எஸ்.ல, அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளில, பத்தாவது எழுதலாம், அதுக்கு முன்னாடி வேணும்னா அவங்களே ஏ, பி, சின்னு மூணு லெவல் வச்சிருக்காங்க, மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்கு சமம். டிசபிலிட்டி சர்டிபிகேட்ட மட்டும் தள்ளிப்போடாதீங்க. அதுல 40 சதவீதமோ மேலயோ போட்டாதான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல உள்ள பல உரிமைகளக் கேக்கமுடியும், 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு உட்பட. ஊர்ல தெரிஞ்சிடுமேன்னு யோசிக்காதீங்க, தெரியட்டும்.

உங்க டைம்டேபிள பாத்தேன். ஸ்கூல்ல இருந்து ஓடிவந்த பையனுக்கு வீட்டு ஹால்ல இன்னொரு ஸ்கூல் கட்டிருக்கீங்க. பாதியா குறைங்க, அதுக்கப்புறம் அதுல பாதியா குறைங்க. "சரியானதும்"ங்கற வார்த்தைய விட்டுடுங்க, அவன் என்ன கராஜ்ல நிக்கற வண்டியா?

ஆனா உங்க லெட்டர்ல நான் நின்ன எடம் அந்தக் கடைசி வரிதாம்மா. நீங்க போறபோக்குல எழுதிட்டுப் போய்ட்டீங்க, எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

நான் பொறந்து வளந்தது தாராவி. எங்க வீட்ல இட்லி யாவாரம். விடியக்காலைல நாலு மணிக்கு அடுப்பு பத்திரும், ஏழு மணிக்குள்ள அண்ணாமாருங்க இட்லித் தூக்குப் பாத்திரத்த தலைல வச்சுக்கிட்டு கிளம்பிருவாங்க. எங்க சித்தப்பா பையன், சின்னவன்னுதான் எல்லாரும் கூப்டுவோம், அஞ்சு வயசு வரைக்கும் வாயே திறக்கல. திறந்தப்போ வந்தது எல்லாம் ஆச்சியோட பேச்சு, எழுத்து மாறாம. ஆச்சி இட்லி கொப்பரைய திறக்கும்போது சுத்தி நிக்கற பிள்ளைங்கள விரட்டுவா, "ஆவி வருதுலே, தள்ளி நில்லு". இவன் அத எடுத்துக்கிட்டான். கல்யாண வீட்ல மேளம் அடிச்சா, ட்ரெய்ன்ல கூட்டம் நெருக்குனா, யாராவது கன்னத்தக் கிள்ளுனா, காதப் பொத்திக்கிட்டு "ஆவி வருதுலே, தள்ளி நில்லு". எங்க எல்லாருக்கும் கிறுக்கு. ஆச்சிக்கு மட்டும் அது ஒரு வாக்கியம், உடனே எழுந்து அவன வெளிய கூட்டிட்டுப் போயிருவா.

ரெண்டாம் க்ளாஸ்ல, தமிழ் மீடியம்தான், டீச்சர் ஸ்கேல தூக்கிட்டு வந்தப்போ இதையேதான் சொல்லிருக்கான். லே போட்டுப் பேசறியான்னு அடி. கடிச்சு வச்சுட்டான். படிப்பு அன்னிக்கோட முடிஞ்சுது. இது எல்லாம் எண்பதுகள்ல, ஆட்டிசம்னு ஒரு வார்த்த எங்க தெருவுக்கு வரல, 1995ல வந்த ஊனமுற்றோர் சட்டத்துல கூட அந்தப் பேரு இல்ல, 2016லதான் பட்டியல்ல ஏறுச்சு.

அப்புறம் ஆச்சிதான் ஸ்கூல். கணக்க ஈடு கணக்குல படிச்சான். ஒரு ஈடுக்கு 36 இட்லி, எட்டு ஈடுக்கு எவ்வளவுன்னு கேட்டா நான் விரல் மடக்கறதுக்குள்ள 288ன்னுருவான். ரொம்ப அழகா சொல்றேன்னு நினைக்காதீங்க, அவனுக்கு எழுதப் படிக்க வரல, யாரும் உக்காந்து முயற்சியும் பண்ணல. நான் சயான் ஸ்டேஷன்ல என் ஃப்ரண்ட்ஸ பாத்தா பத்தடி முன்னாடி நடப்பேன், அவன் என்கூட வரலங்கற மாதிரி. உங்களுக்கு கிடைக்கற ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி எதுவும் அவனுக்கு கிடைக்கல, அதனால அத நிறுத்துங்கன்னு நான் சொல்லமாட்டேன்.

ஆனா ஒரே மொழின்னு சொன்னாங்கள்ல, அதுல மட்டும் நான் சண்டைக்கு வருவேன். ரெண்டு மொழி கேட்டு வளர்ற ஆட்டிசம் பசங்களையும் ஒரே மொழி கேக்கற பசங்களையும் வெவ்வேற நாட்டுல வச்சுப் பாத்துட்டாங்க, ரெண்டாவது மொழியால பேச்சு இன்னும் பின்தங்கிருச்சுன்னு வரல. சரி, ஆராய்ச்சிய விடுங்க, ஐரோலில இருக்கற பிள்ளைக்கு ஒரே மொழி எங்க இருந்து வரும், லிஃப்ட்ல ஹிந்தி, காய்கறிக்காரம்மாகிட்ட மராத்தி, டிவில எல்லாம், இதுல அடைக்கறதுக்கு உங்களுக்கு கிடைச்ச ஒரே ஓட்ட பாட்டி வாயா? அவன்கிட்ட ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பொறுமையா, சும்மா, மார்க் போடாம பேசறதுக்கு அந்த வீட்ல யாரு இருக்கா? நீங்களா? உங்க கைல டைம்டேபிள் இருக்கு. எக்கோலேலியா, கேட்டத அப்படியே திருப்பிச் சொல்றான்னு ரிப்போர்ட்ல எழுதிருப்பாங்களே, அவன் திருப்பிச் சொல்றது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தாதான் அது பேச்சு, இல்லன்னா வெறும் சத்தம். "நோ டமில்" கூட யாரு சொன்னத அவன் திருப்பிச் சொல்றான், யோசிச்சுப் பாருங்க. கோவப்படாதீங்க, எனக்கும் உங்கள மாதிரி ஒரு பொண்ணு இருக்கா.

இன்னிக்கு சாயங்காலம் மாமியார்கிட்ட போய் பேசுங்கத்தேன்னு சொல்லுங்க. கொஞ்சம் மூஞ்சத் தூக்குவாங்க, எட்டு மாசக் கணக்கு இருக்குல்ல. தெரபிஸ்ட்கிட்டயும் அவங்கள ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க.

சின்னவனுக்கு இப்ப ஐம்பது ஆகப்போகுது, அம்பர்நாத்துல தங்கச்சி வீட்ல இருக்கான். உங்க லெட்டர் வந்த அன்னிக்கு போன் போட்டேன். சாப்டியான்னேன், மழையான்னேன், முட்டி வலி எப்டி இருக்குன்னேன், மூணுக்கும் ம்னான். நாலாவதா என்னவோ கேக்கப் போனேன், கடைசில நிக்கற கஸ்டமர்கிட்ட ஆச்சி சொல்வாளே அதே குரல்ல "மாவு தீந்துபோச்சு, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லி போன வச்சுட்டான்.