தியானம் கற்க குரு அவசியமா? ஒருவரைப் பின்பற்றினால் அவரிடம் சிக்கிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் அனுபவம் என்ன?

போலிச் சாமியார் செய்திகளைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள். நியாயமான பயம். நான் பின்பற்றும் குருவை நான் நேரில் பார்த்ததே இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

என் குரு வேதாத்திரி மகரிஷி 2006-லேயே மறைந்துவிட்டார். நான் அவருடைய தியானப் பயிற்சியான மனவளக்கலையைக் கற்றுக்கொடுக்கும் எங்கள் ஊர் மன்றத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகு. அவர் கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தோடே வாழ்ந்தவர். காவி கட்டு, வீட்டை விடு என்று சொல்லாதவர் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

புருவமத்தியில் கவனம் வைக்கும் தியானத்தைத் தொடங்கி வைக்கும் ஆக்கினைத் தீட்சையன்று ஆசிரியை அம்மா அங்கே விரலால் தொட்டார். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு துடிப்பு இருந்துகொண்டே இருந்தது. தலை கனமாக இருக்கிறது என்றேன். சாந்தி தவம் என்ற தியானத்தைச் சொல்லிக்கொடுத்து, கவனத்தை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்க வைத்தார், கனம் குறைந்தது. இந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். வீடியோ பார்த்துச் செய்திருந்தால் பயந்து விட்டிருப்பேன்.

ஆனால் என்னை மாற்றியது தவத்தைவிட, நம் மனதை நாமே ஆராயும் அகத்தாய்வில் வரும் சினம் தவிர்த்தல் பயிற்சிதான். யார் யார் மேல் கோபம் வருகிறது, எதற்கு வருகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். நான் முதலில் எழுதியது என் ஓரகத்தி பெயர். ஒரே காம்பவுண்டு, ஒரே போர்வெல், ஒரே மோட்டார். நான் துணி அலசும்போது பாதியில் மோட்டாரை நிறுத்திவிடுவார். தினமும் அவரை நினைத்து 'வாழ்க வளமுடன்' சொல்லச் சொன்னார்கள். முதல் வாரம் நாக்கே வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வழக்கம்போல மோட்டார் நின்றது. கையெல்லாம் சோப்பு. போய், "ஏனுங்க்கா நிறுத்தீட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். "கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்றார். பாதி நான் தருகிறேன் என்றேன். வருடக்கணக்கான சண்டை அந்த வாசற்படியிலேயே முடிந்தது.

இதை மூளைச்சலவை என்று எழுத வருபவர்களுக்கு: நான் யாருக்கும் சொத்து எழுதி வைக்கவில்லை. தைராய்டு மாத்திரையை இன்றும் போடுகிறேன். தவம் செய்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால், எந்த மன்றமாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

தவத்துக்கு எனக்கு இருக்கும் ஒரே இடைஞ்சல் வேறு. எங்கள் ஊரில் நோம்பி (திருவிழா) வந்தால் விடிகாலையிலேயே கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிடுகிறார்கள். சாமி பாட்டு இரண்டு, அப்புறம் முழுக்க சினிமாப் பாட்டு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கும் தெரு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று சட்டமே இருக்கிறது. மனு கொடுத்தால், "சாமி காரியத்தில் தலையிடாதீங்கம்மா" என்கிறார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான்!

சரி, உங்களுக்கு. பக்கத்தில் மன்றம் இருந்தால் முதல் நிலை வகுப்புக்கு மட்டும் போய்ப் பாருங்கள். வீட்டில் தனியாகச் செய்ய ஏதாவது கற்றுக்கொடுக்கிறார்களா, திரும்பத் திரும்ப அங்கேயே வரச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், யாரும் தேடி வரமாட்டார்கள்.