மூன்றாவது நீட் வேண்டாம், அம்மா

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை, இப்போது பரீட்சை என்றாலே வாந்தி, ராத்திரி தூக்கமில்லை என்கிறீர்கள். படிக்கிற பிள்ளைதான், வழி இருக்கிறது. ஆனால் 'இன்னொரு தடவை எழுதட்டும், பாஸ் மார்க் வந்தால் நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடலாம்' என்று தாய்மாமன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சீட்டோடு முடிகிற படிப்பா அது? நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், மேற்படிப்புக்கு மறுபடியும் நீட். மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காக தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு, முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அதையே ஒரு குழு போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தூக்கம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், இலவசம். 'சிகிச்சை எடுத்தால் இந்தத் துறைக்கே லாயக்கில்லை என்பார்கள்' என்ற பயம் வேண்டாம். தனக்கு முடியவில்லை என்று நேரத்தில் சொல்லத் தெரிவதும் இந்த வேலைக்கான தகுதிதான். மறைத்துக்கொண்டு வார்டில் நிற்பது நோயாளிக்கும் ஆபத்து.

அப்புறம், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாட்டியின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து விட்டதெல்லாம் மகள்தான், ரத்தம் பார்த்தால் மட்டும் தலைசுற்றுமாம். பி.ஆப்டம், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற படிப்பு, அதைப் பற்றி யாருமே உங்களிடம் சொல்லவில்லையா? பயிற்சியோடு நான்கு வருடம். தமிழ்நாட்டில் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே துணை மருத்துவக் கலந்தாய்வில் இடம் தருகிறார்கள். இருட்டறையில் ரெட்டினாஸ்கோப் என்ற கைக்கருவியின் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு, கண்மணியில் தெரியும் சிவப்பொளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே பவரைக் கண்டுபிடிப்பார்கள். பேச்சு வராத குழந்தைக்கும் இப்படிக் கண்ணாடி எழுதலாம். சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைக்கு நல்ல கண்ணை மூடிவைத்து மங்கலான கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாதவருக்கு உருப்பெருக்கியில் படிக்கப் பழக்குவார்கள். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய மதுரை நம் ஊர். கண் வேலையைப் பார்க்க வெளியூர் போக வேண்டாம்.

இரவுப் பணி அபூர்வம். ஆனால் 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாள் முழுக்கச் சலிக்காமல் கேட்க வேண்டும். குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இருக்காது. ஆபரேஷன் செய்யும் டாக்டர் வேலை இல்லை இது. அந்த ஏக்கம் அவளுக்கு இருந்தால் இதைத் திணிக்காதீர்கள்.

தெரிந்த கண் மருத்துவமனையில் அனுமதி கேட்டு, ஒரு காலை வேளை அவளை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவை அவளே சொல்லட்டும். எந்தப் படிப்பானாலும் நிலத்தைத் தொடாதீர்கள். மாமா சண்டைக்கு வந்தால் என் நம்பரைக் கொடுங்கள்.