நூலிழையில் தோற்கும் குதிரையை வாங்கலாமா?

கேள்வி: நானும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து பெங்களூருவில் ஓடும் ஒரு நான்கு வயதுக் குதிரையில் பங்கு வாங்கலாம் என்று இருக்கிறோம். இதுவரை ஒன்பது முறை ஓடி ஒரு முறை ஜெயித்திருக்கிறது. நான்கு முறை இரண்டாவது இடம், நான்குமே ஒரு லெங்த்துக்குள் தோற்றவை. 'ராசியில்லாத குதிரை, நேரம் வந்தால் அள்ளிக் கொடுக்கும்' என்கிறார் விற்பவர். 'அதற்குக் கிறுக்கு, முந்தவே பிடிக்காது' என்கிறார் ஒரு நண்பர். 'சரக்கு அவ்வளவுதான், பெயர்தான் பெரிது' என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மூன்று பேர் சொல்வதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் மூவருமே தோற்ற இடைவெளியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று முதலில் பாருங்கள். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். கடைசி ஓட்டத்தில் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அந்தத் தூரத்தைக் கடக்க 0.15 விநாடி போதும். நெக் என்பது அதில் கால்வாசி. 1400 மீட்டர் பந்தயம் ஓடி முடிய சுமார் 85 விநாடி ஆகும், அதில் 0.04 விநாடி முன்னே பின்னே போனதை வைத்து ஒரு குதிரையின் குணத்தை எழுத முடியாது. இன்னொன்று: பாய்ந்து ஓடும்போது ஒவ்வொரு தாவலுக்கும் குதிரையின் தலை ஒருமுறை முன்னே நீளும், ஒருமுறை பின்னே வரும். ஷார்ட் ஹெட்டில், அதாவது ஒரு தலை நீளத்துக்கும் குறைவான இடைவெளியில் தோற்ற குதிரை, முடிவுக் கம்பத்தைத் தாண்டிய அடுத்த தாவலில் முன்னால் இருந்திருக்கலாம்.

அந்த நான்கு பந்தயங்களும் ஹேண்டிகேப் பந்தயங்களா என்றும் விசாரியுங்கள். ஹேண்டிகேப்பில் நல்ல குதிரையின் முதுகில் எடையைக் கூட்டி, சுமாரான குதிரைக்குக் குறைத்து, எல்லாம் ஒன்றாகக் கம்பத்துக்கு வரும்படிதான் எடை போடுகிறார்கள். அங்கே நூலிழையில் தோற்பது, ஹேண்டிகேப்பர் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். இதில் உங்கள் பணத்தைத் தொடும் விஷயம் ஒன்று இருக்கிறது. நெருங்கித் தோற்கும் குதிரைக்கு ரேட்டிங், அதாவது எடை போடப் பார்க்கும் தர மதிப்பெண், இறங்காது, சில சமயம் ஏறவும் செய்யும். ஜெயித்த பரிசும் இல்லாமல் எடையும் குறையாமல் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, ராசிக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வருகிறீர்கள். ஒருநாள் அரியாங்குப்பத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது, இன்னொரு நாள் தவளக்குப்பத்தில் கல்யாண ஊர்வலம். இதற்கு யாரும் வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் ரெட்டிச்சாவடி வந்ததும் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்றால் மெக்கானிக்கிடம் விட வேண்டும். குதிரையும் அப்படித்தான். துரதிர்ஷ்டம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். ஒரே இடத்தில், ஒரே மாதிரி வந்தால் அதற்குக் காரணம் ராசி இல்லை.

அதனால் நான்கு பந்தயங்களின் வீடியோவையும் வாங்கி, கடைசி 600 மீட்டரைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பக்கவாட்டில் எடுத்தது போதாது, முன்னாலிருந்து எடுத்த படமும் வேண்டும். வழி அடைபட்டு ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தாரா, வளைவில் எத்தனையாவது ஆளாக வெளியே ஓடினார் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். வெளியே ஓடுவதை லேசாக நினைக்காதீர்கள். அரைவட்ட வளைவில் உள்பக்க வேலியான ரெயிலைவிட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடினாலே 3.14 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அது ஒரு லெங்த்துக்கும் மேல். வளைவு முழுக்க மூன்று மீட்டர் வெளியே ஓடிவிட்டு ஒரு நெக்கில் தோற்ற குதிரை, அன்றைக்கு ஜெயித்த குதிரையைவிட நன்றாக ஓடியிருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 1986-ல் இங்கிலாந்தில் நடந்த எப்ஸம் டெர்பி பந்தயம். டான்சிங் பிரேவ் என்ற குதிரை வெகு பின்னாலிருந்து புறப்பட்டு, கடைசியில் பறந்து வந்தும் ஷாரஸ்தானியிடம் அரை லெங்த்தில் தோற்றது. ஜாக்கி தாமதமாக விரட்டினார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதே ஆண்டு ஆஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் அதே ஷாரஸ்தானியைப் பின்னால் விட்டு ஜெயித்தது, அக்டோபரில் பாரிஸில் ஆர்க் பந்தயத்தையும் ஜெயித்தது. ராசியில்லாமல் தோற்ற குதிரை சீக்கிரமே இப்படிக் கணக்கைத் தீர்க்கும். நான்கு முறை தள்ளிப்போட்டுக்கொண்டிருக்காது.

அடுத்தது கிறுக்கு. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பந்தயக் குதிரைகளுக்குப் பல வருடம் வைத்தியம் பார்த்தவன் நான். ஒரு பெண் குதிரை, கடைசி 200 மீட்டர் வந்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு இடது பக்கமாகவே சாயும். மூன்று பந்தயம் அப்படித் தோற்றது. லாயத்தில் எல்லோரும் அதைத் திருடி என்றே கூப்பிட்டார்கள். பக்கத்தில் பார்வை போகாமல் கண்ணை மறைக்கும் பிளிங்கர் போட்டார்கள், ஜாக்கியை மாற்றினார்கள், சாட்டையையும் மாற்றிப் பார்த்தார்கள். ஒருநாள் காலையில் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். வலது மேல்தாடையில், கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால், அரிசிமணி அளவுக்குக் கூர்மையாக ஒரு பல். ஜாக்கி கடிவாளத்தை இறுக்கும்போதெல்லாம் அதில் இடிக்கிறது. கன்னத்தின் உட்பக்கம் புண்ணாகி வெளுத்திருந்தது. விரல் பட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது, பாவம். பல்லைப் பிடுங்கி, மற்ற பற்களின் விளிம்பை ராவி, பத்து நாள் ஓய்வு கொடுத்தோம். அதற்கப்புறம் நேராக ஓடியது. அது எத்தனை பந்தயம் ஜெயித்தது என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஆனால் திருடி என்று யாரும் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

இதைப்போல வேறு காரணங்களும் உண்டு. ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சில குதிரைகளுக்கு மேல்வாயின் பின்பக்க மென்சதையான மெல்லண்ணம் இடம் மாறி மூச்சை அடைக்கும். தொண்டையில் களகளவென்று சத்தம் வரும், கார் பிரேக் போட்டதுபோல வேகம் விழும். பயிற்சியில் இருக்கும் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் மிகச் சாதாரணம். முதுகு வலி, முன்னங்கால் மூட்டு வலி வேறு. உண்மையிலேயே குணத்தால் தயங்கும் குதிரைகளும் உண்டு. முன்னால் வந்ததும் துணை இல்லாமல் காதை ஆட்டிக்கொண்டு நிதானமாகிவிடும். அவற்றுக்கு பிளிங்கரோ, கம்பம் வரை முன்னுக்குக் கொண்டுவராமல் பொறுத்து ஓட்டும் ஜாக்கியோ பலன் தரலாம். ஆனால் வாய், தொண்டை, வயிறு, முதுகு, கால் எல்லாம் பார்த்து முடிக்கும் வரை எந்தக் குதிரையையும் கிறுக்கு என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது நண்பர் சொல்வதைச் சோதிப்பது சுலபம். உங்கள் குதிரையைத் தோற்கடித்த நான்கும் அடுத்த பந்தயத்தில் என்ன செய்தன? அவையும் ஜெயித்திருந்தால் இது தோற்றதில் குறை இல்லை. நான்குமே அடுத்த முறை பின்வரிசையில் வந்திருந்தால், இரண்டாவது இடம் என்ற பேச்சுக்கே மதிப்பில்லை. நல்ல வழி கிடைத்து, நல்ல ஜாக்கி ஏறி, ஜெயிக்கும் என்று அதிகம் பேர் பணம் கட்டிய ஃபேவரிட்டாகப் போயும் தோற்றதா என்றும் பாருங்கள். எதுவுமே தவறாகப் போகாமல் தோற்பதுதான் பெயர் பெரிது என்பதற்கு அடையாளம். ஆனால் இதிலும் அவசரம் கூடாது. 1978-ல் அமெரிக்காவின் டிரிபிள் கிரௌன் பந்தயங்கள் மூன்றிலும் அலிடார் என்ற குதிரை இரண்டாவதாகவே வந்தது: ஒன்றரை லெங்த், நெக், ஹெட். மூன்றாவது பந்தயத்துக்கு பிளிங்கரைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். ராசியும் இல்லை, கிறுக்கும் இல்லை, சரக்கும் குறைவில்லை. எதிரில் அந்த மூன்றையும் ஜெயித்த அஃபர்ம்டு இருந்தது, அவ்வளவுதான். பின்னாளில் அலிடாரின் குட்டிகளான அலிஷீபா 1987-லும், ஸ்டிரைக் தி கோல்டு 1991-லும் கென்டக்கி டெர்பி ஜெயித்தன.

தூரத்தையும் தரையையும் விட்டுவிடாதீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை நனைத்த மணலில் ஓடிவிட்டு, அப்புறம் மேலே காய்ந்த மணலில் ஓடிப் பாருங்கள், கால் சொல்லும். மழை பெய்து இளகிய தரையில் மட்டும் தோற்கிறதா? 1200 மீட்டர் வரை முன்னால் இருந்துவிட்டு 1400-ல் கடைசி நொடியில் பிடிபடுகிறதா? அப்படியானால் குதிரையை மாற்ற வேண்டியதில்லை, பந்தயத்தை மாற்றினால் போதும். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், எனக்கு இந்தச் சந்தேகமும் வாய்-தொண்டைச் சந்தேகமும்தான் முதலில் வருகின்றன. நான்கு முறை ராசியில்லை என்பதை நான் நம்பவில்லை.

எனவே இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்களே அமர்த்திய மருத்துவரை வைத்துத் தொண்டையிலும் வயிற்றிலும் குழாய் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சம்மதித்தால், முந்தின இரவே பஸ் ஏறிப் போய் அதிகாலையில் லாயத்தில் நில்லுங்கள். பயிற்சி முடிந்து, உடம்பு ஆறி, குதிரைக்குத் தீனி வைத்த பிறகு அரைமணி நேரம் கழித்துத் தொட்டியை எட்டிப் பாருங்கள். தொட்டி காலியாக இருக்கிறதா, பாதித் தானியம் அப்படியே கிடக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.