வாரஸின் படையினருக்கு இறுதிக்கடன்

கேள்வி: கி.பி. 9-இல் டியூட்டோபர்க் காட்டில் ஜெர்மானியக் குடிகளிடம் தோற்று மாண்ட ரோமானிய வீரர்களுக்கு யாரேனும் இறுதிக்கடன் செய்தார்களா?

பதில்: செய்தார்கள், ஆனால் ஆறு ஆண்டுகள் கழித்து. ஜெர்மானியத் தலைவர் ஆர்மினியஸின் தாக்குதலில் ரோமானியத் தளபதி வாரஸின் மூன்று லீஜியன்கள் (பெரும் படைப்பிரிவுகள்) அழிந்த இடத்துக்குக் கி.பி. 15-இல் தளபதி ஜெர்மானிக்கஸ் படையுடன் சென்றபோது, எதிர்த்து நின்றவர்களின் எலும்புகள் குவியலாகவும் ஓடியவர்களுடையவை சிதறியும் வெளுத்துக் கிடந்தன என்றும், மரங்களில் மண்டையோடுகள் அறையப்பட்டிருந்தன என்றும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். தாம் புதைப்பது உறவினரையா அந்நியரையா என்று அறியாத வீரர்கள், எல்லோரையும் தம் இரத்த உறவாகவே கருதி மண்ணிட்டார்கள். அவர்களுக்காக எழுப்பிய புதைமேட்டின் முதல் மண்ணை ஜெர்மானிக்கஸே வைத்தார். பேரரசர் டைபீரியஸ் இதை விரும்பவில்லை. புரோகிதப் பதவி வகிக்கும் தளபதி இறந்தோரின் சடங்கில் கை வைக்கலாகாது என்று அவர் எண்ணியிருக்கலாம் என்கிறார் டாசிட்டஸ். அடுத்த ஆண்டுக்குள் ஜெர்மானியர் அந்த மேட்டை இடித்துவிட்டனர். அது மீண்டும் எழுப்பப்படவில்லை. இந்தப் போர் நடந்த இடமாகக் கருதப்படும் ஜெர்மனியின் கால்கிரீசேயில் நடந்த அகழாய்வில், பல ஆண்டுகள் வெட்டவெளியில் கிடந்த பின் புதைக்கப்பட்ட மனித எலும்புகள் கோவேறு கழுதைகளின் எலும்புகளோடு கலந்து குழிகளில் கிடைத்துள்ளன.

என் நெஞ்சை இன்னும் அதிகமாகத் தொடுவது, பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு நினைவுக்கல். வாரஸின் போரில் இறந்த மார்கஸ் கேலியஸ் என்னும் செஞ்சூரியனுக்கு (நூற்றுவர் படைத்தலைவருக்கு) அவருடைய சகோதரர் பூப்லியஸ் எழுப்பியது அது. மார்பு நிறையப் பதக்கங்கள், கையில் திராட்சைக் கொடியாலான பதவிக்கோல், இருபுறமும் அவர் விடுதலை அளித்த இரண்டு அடிமைகளின் தலைகள். எலும்புகளை இங்கே அடக்கம் செய்யலாம் என்று ஒரு வரியும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.