பட்டியலுக்குள் பட்டியல்: பெயர்களைக் கோப்பது எப்படி?

கேள்வி: பள்ளி நூலகத்துக்காகச் சங்க நூல்களின் பெயர்களைப் பைத்தான் நிரல்மொழியில் தட்டி வைத்திருக்கிறேன். எட்டுத்தொகைக்கு ஒரு பட்டியல், பத்துப்பாட்டுக்கு ஒரு பட்டியல், இரண்டையும் அடக்கிய பெரிய பட்டியல் ஒன்று. பெயர்களை இணைக்க 'ஜாயின்' (join) கொடுத்தால், 'சரம் (string, அதாவது எழுத்துத் தொடர்) வேண்டும், பட்டியல் வந்திருக்கிறது' என்று பிழை காட்டுகிறது. மூன்றாவதாகத் திருக்குறளையும் சேர்க்க வேண்டும். என்ன செய்வது?
— ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பிழைச்செய்தி சொல்வது சரிதான். ஜாயின் ஓர் அடுக்கை மட்டுமே பார்க்கும்; அந்த அடுக்கில் சரங்கள்தான் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு அடுக்கு. ஆகவே இருமுறை கோக்க வேண்டும். 'ஃபார்' (for) சுற்றைக் கொண்டு உட்பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே இருக்கும் பெயர்களைக் காற்புள்ளியால் இணையுங்கள். அப்படிக் கிடைத்த சரங்களைப் புதுவரிக் குறியால் மறுபடி இணையுங்கள். எட்டுத்தொகை ஒரு வரி, பத்துப்பாட்டு ஒரு வரி. இணைக்கும் குறியை முதலில் மேற்கோளுக்குள் எழுதி, அதன் பிறகு புள்ளி வைத்து ஜாயின் எழுதுவதே பைத்தானின் முறை.

எல்லாவற்றையும் ஒரே தட்டையான பட்டியலாக்க பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் (itertools) தொகுதியில் 'செயின்' (chain) இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். பதினெட்டுப் பெயர்களும் ஒன்றாகக் கலந்தபின், குறுந்தொகை எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று மாணவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுக்குக்குப் பொருள் இருக்கும்போது அதைக் கலைக்கக் கூடாது.

இனி திருக்குறள். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். ஒற்றை நூல்தானே என்று அதைச் சதுர அடைப்பு இல்லாமல் எழுதிவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. சரமும் பைத்தானுக்கு ஒரு வரிசையே. உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் நடுவே அது காற்புள்ளி போட்டுவிடும். 'திருக்குறள்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 11 குறியீடுகள். 'தி' என்பது 'த' தனியாகவும் இகரக் குறி தனியாகவும் பிரிந்து, மெய்யெழுத்துகளின் புள்ளிகள்கூடத் தனியே நிற்கும். ஆங்கிலப் பெயராக இருந்தால் எழுத்துகளாவது முழுதாக மிஞ்சும். தமிழில் எழுத்தே உடைந்துபோகிறது. ஆகவே ஒற்றைப் பெயரானாலும் தனிச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். பிறர் தட்டித் தரும் பட்டியலானால், இணைப்பதற்கு முன் ஒவ்வோர் உறுப்பும் பட்டியல்தானா என்று 'இஸ்இன்ஸ்டன்ஸ்' (isinstance) கொண்டு சோதியுங்கள்.

பெயர்களோடு பாடல் எண்ணிக்கையும் சேர்ப்பதானால், 400 என்ற எண்ணை ஜாயின் ஏற்காது. 'எஸ்டிஆர்' (str) கொண்டு அதை முதலில் சரமாக மாற்றிக்கொள்ளுங்கள்.